கழுவாத தானியம்

முதல் தடவை அந்த டப்பாவைத் திறந்தபோது உள்ளே இருந்தது கருப்பட்டிப் பாகு என்றுதான் நினைத்தேன். பால்மாவு டப்பாவைவிடப் பெரியது. மூடியை நெம்பினதும் கெட்டியாக, தேனில் செம்மண் கரைத்த நிறத்தில், கரண்டியை விட்டால் கரண்டியோடு இழுத்துக்கொண்டு மேலே வரும் பாகு. பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுச் சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். நல்ல இனிப்பு. அந்த இனிப்புக்குப் பின்னால் வறுத்த கோதுமையின் வாசனை. இதில் பணியாரம் சுட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சயாமா அடுக்களைக்குள் வந்துவிட்டார். என் விரலைப் பார்த்தார். தானும் ஒரு விரலை விட்டு நக்கினார். "நல்லா இருக்குல்ல ஆன்ட்டி? இதுதான் பீர் ஆகப்போகுது" என்றார். நான் விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டேன். துடைத்த இடத்தில் பிசுபிசுப்பு அன்று முழுவதும் போகவில்லை.

பர்மியில் டீச்சரம்மாவுக்குச் சயாமா என்று பெயர். இவர் வெள்ளைக்காரி. ரங்கூனில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்து, தாமுவேயில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தார். நான் இரண்டு சந்து தள்ளி இருந்து காலையில் நடந்து போய்ச் சமைத்து, துவைத்து, சாயங்காலம் திரும்புவேன். எங்களுக்குள் பேச்செல்லாம் பர்மியில்தான். அவர் பேசும் பர்மி பிள்ளைகள் பேசுவது போல இருக்கும். அதனாலேயே அவரிடம் எனக்குப் பயம் குறைவு. மற்றவர்களிடம் நான் பேசவே மாட்டேன். படித்தது நாலாம் வகுப்பு வரை. அந்த நாலு வருஷமும் வாத்தியார் கேள்வி கேட்டால் முன்னால் இருக்கிறவளின் பின்னலைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். சயாமாவின் வீட்டுக்கு யாராவது வந்தால் டீயை வைத்துவிட்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். என் மகள் லைங் தாயாவில் துணி ஃபேக்டரிக்குப் போகிறவள், வாய் அடங்காதவள். "அம்மா வாயைத் திறக்கணும்னா பல்லு டாக்டருதான் வரணும்" என்று அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

சயாமா சனிக்கிழமைதோறும் பீர் காய்ச்சுவார் என்று வேலைக்குச் சேரும்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சேர்ந்திருக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை வெற்றிலை தவிர எதையும் தொட்டவரில்லை. நான் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். ஆனால் முதல் சனிக்கிழமை அந்த அண்டாவின் பக்கத்தில் நின்றபோது எனக்கு அது சாராயம் காய்ச்சுவதாகவே தெரியவில்லை. சமையலாகத்தான் தெரிந்தது. பாகைக் கொதிநீரில் கரைப்பது, பொங்கி வழியாமல் பார்த்துக்கொள்வது, ஒரு மணிநேரம் கொதிக்க விடுவது. பொங்கி வருகிறதைக் கண்ணால் பார்த்து அடுப்பைத் தணிப்பதில் சயாமாவைவிட எனக்குக் கைப்பழக்கம் அதிகம். இரண்டாவது சனிக்கிழமையே கரண்டி என் கைக்கு வந்துவிட்டது.

கொதிக்கும்போது போடுவதற்கென்று ஒரு சரக்கு வைத்திருந்தார். ஹாப்ஸ் என்பார். ஏதோ கொடியில் பூக்கிற பூவாம். அதைக் காயவைத்து இடித்து உருண்டையாக்கி, பச்சை நிறத்தில், பார்த்தால் ஆட்டுப் புழுக்கை. ஆனால் வாசனை இருக்கிறதே, எலுமிச்சை இலையைக் கசக்கி, நாரத்தைத் தோலைக் கிள்ளி, அதோடு வேப்பம்பூவையும் சேர்த்து முகர்ந்தது போல. முதலில் போடுவது கசப்புக்கு, கடைசியில் போடுவது வாசனைக்கு, ஆறி நுரைத்து அடங்கின பிறகு துணியில் கட்டி உள்ளே விடுவது இன்னும் வாசனைக்கு. நாம் தாளிப்பதில் கடுகு முன்னால், பெருங்காயம் பின்னால் என்று வைத்திருக்கிறோமே, அதே கணக்குத்தான். கரண்ட் போகாத நாளே ரங்கூனில் அப்போது கிடையாது என்பதால் அந்த உருண்டைகளை ஐஸோடு கம்பளியில் சுற்றிப் பச்சைக்குழந்தை மாதிரி வைத்திருப்போம். காய்ச்சினது வாளியில் நுரைக்கிற பத்துப் பதினைந்து நாளும் வாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, ஈரக் கைலி சுற்றி, காலையும் மாலையும் ஐஸ் கட்டி போடுவது என் பொறுப்பு. இந்த ஊர்ச் சூட்டில் விட்டால் ஈஸ்ட் வெறிபிடித்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்பார் சயாமா.

ஒருமுறை ஒரு கரண்டி குடித்துப் பார்க்கச் சொன்னார். வேப்பம்பூ ரசத்தை யாரோ நுரைக்க விட்டது போல இருந்தது. "எப்படி?" என்றார். "உடம்புக்கு நல்லதா இருக்கும்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் வாயில் இருந்தது மூக்கில் ஏறிவிட்டது. அதற்குமேல் நான் குடித்ததில்லை. வீட்டுக்குப் போனால் மகள் என் தலையை முகர்ந்து, "என்னம்மா முடியில ஷாம்பு வாசனை, யாருக்காக?" என்பாள்.

பாகு டப்பாக்களைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஒரு கப்பல்காரர், சயாமாவின் ஊர்க்காரர். அவருக்குக் கப்பல் மாறினது. இனி டப்பா கிடைக்காது என்று தெரிந்த நாளில் சயாமா சாப்பிடவில்லை. ஆனால் கடைசி நடையில் அந்த மனுஷர் தோளில் ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு வந்தார். பிரித்துப் பார்த்தால் முழுப் பார்லி. முளைகட்டிக் காயவைத்தது. சயாமா அதை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி விட்டார். டப்பாப் பாகு என்பது இந்தத் தானியத்திலிருந்து வேறு எவரோ இறக்கிச் சுண்டவைத்தது. இனி நாமே தானியத்திலிருந்து இறக்கப்போகிறோம், இதுதான் உண்மையான காய்ச்சல், இத்தனை நாள் செய்தது விளையாட்டு என்றார். எனக்கும் உள்ளூர சந்தோஷம்தான். டப்பா உடைத்துக் குழம்பு வைக்கிறவளுக்கும் அரைத்து வைக்கிறவளுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியாதா.

தானியத்தை ஒன்றிரண்டாக உடைக்க வேண்டும். தெருமுனையில் மில் பாய் இருந்தார். அவருடைய தாத்தா காலத்தில் தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து வந்த குடும்பம். மிளகாய், மல்லி, அரிசி எல்லாம் எங்கள் சந்துக்கே அவர்தான் அரைப்பார். ஐந்து வேளையும் தொழுகிறவர். பாங்கு சொன்னால் ஓடுகிற மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து போவார். மூன்று வீசை பார்லியை எடுத்துக்கொண்டு போனேன்.

"என்னக்கா இது, பார்லியா? வறுத்த வாசனை வருது?"

"டீச்சரம்மாவுக்குங்க பாய்."

"கஞ்சிக்கா?"

நான் ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை. தலை ஆடிவிட்டது. தொழுகிற மனுஷரிடம் பீருக்கு என்று எப்படிச் சொல்வது. பாய் குரலைத் தாழ்த்தினார்.

"நீர்க்கடுப்பா?"

அதற்கும் தலை ஆடிவிட்டது. ஆடின தலையைத் திரும்ப எப்படி ஆட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"மிளகா ஓட்டின மெஷினு, அக்கா. நோயாளி வயித்துக்கு ஆகாது. கொஞ்சம் இருங்க" என்று சொல்லி, தன் வீட்டு அரிசியிலிருந்து இரண்டு படி எடுத்துவந்து மெஷினில் ஓட்டி, காரம் போகத் துடைத்து, அதன் பிறகுதான் பார்லியைப் போட்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த அரிசி மாவாகிக் கீழே விழுந்த சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

மறுநாள் காலை சயாமா வீட்டு வாசலில் நான்கு இளநீர். பாய் கொடுத்தனுப்பியது. அடுத்த நாள் ஒரு பொட்டலம் வெந்தயம். "இவர் ஏன் எனக்கு இதெல்லாம் தர்றார்?" என்று சயாமா கேட்டார். "நல்ல மனுஷர்" என்றேன். அது பொய்யில்லை. சயாமா சைக்கிளில் போகும்போது மில்லைப் பார்த்துத் தலை குனிந்து வணக்கம் சொல்வார். பாய் கல்லாவிலிருந்து எழுந்து நின்று, பிள்ளை பெற்றவளைப் பார்ப்பது போல இரக்கமாகப் பார்ப்பார். "சைக்கிள் ஓட்டக் கூடாதுன்னு சொல்லுங்கக்கா" என்று என்னிடம் வந்து சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. மழை விட்டிருந்த காலை. சயாமா தபாலாபீஸுக்குப் போய்விட்டு அரைமணியில் வருகிறேன், தண்ணீரை அடுப்பில் வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீரை வைத்தேன். பையைப் பிரித்தேன். உமியும் மாவும் தூசியுமாக இருந்தது. எந்தக் கப்பலில், எந்த எலியோடு வந்ததோ. பிறகு மெஷின் வேறு. என் ஆயுசில் நான் கழுவாத தானியத்தை அடுப்பில் ஏற்றியதில்லை. யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்வதில்லை அது. கை தானாகப் போகும். பெரிய தாம்பாளத்தில் கொட்டி மூன்று தண்ணீர் விட்டுக் களைந்தேன். முதல் தண்ணீர் பால் போல வந்தது. இவ்வளவு அழுக்கா என்று நினைத்தேன். மூன்றாம் தண்ணீர் தெளிந்த பிறகுதான் மனசு ஆறியது. கழுநீர் மூன்றையும் கொல்லையில் பப்பாளி மரத்தடியில் ஊற்றிவிட்டு, தானியத்தைச் சல்லடையில் வடிய வைத்தேன். சயாமா வந்ததும் நேரே வெப்பம் பார்க்கிற குச்சியைத்தான் எடுத்தார். அண்டாத் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் "போடுங்க" என்றார். நான் போட்டேன். சூடு அவர் நினைத்ததைவிட நிறைய இறங்கிவிட்டது. ஏன் இப்படி, ஏன் இப்படி என்று முணுமுணுத்துக்கொண்டே இன்னும் கொதிநீர் ஊற்றினார். கம்பளி சுற்றி ஒரு மணிநேரம் வைத்தோம்.

பாகுக் காலத்தில் ஒரு கண்ணாடி மிதவை உண்டு. கரைசலில் போட்டால் இனிப்பு இருக்கிற அளவுக்குத் தலை தூக்கி நிற்கும். வெறும் தண்ணீரில் கழுத்துவரை முழுகும். அன்று அது முழுகியது. சயாமா எடுத்துத் துடைத்து மறுபடி போட்டார். மறுபடி முழுகியது. நாக்கில் வைத்துப் பார்த்தார். எனக்கும் ஒரு கரண்டி கொடுத்தார். பார்லி வேகவைத்த தண்ணீரை மறுபடி தண்ணீர் ஊற்றிக் கலக்கினது மாதிரி இருந்தது. பீர் காய்ச்சும் முறை எழுதின புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, எனக்கும் புரியட்டும் என்று விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினார். தானியத்துக்குள் இருக்கிற மாவு இந்தச் சூட்டில் ஊறும்போது சர்க்கரையாகிறது. அப்படி மாற்றுகிற சத்தும் அந்த மாவோடுதான் இருக்கிறது. மாவு இருந்தால் இனிப்பு வந்திருக்க வேண்டும். "மாவு எங்கே போச்சு ஆன்ட்டி?"

மாவு பப்பாளி மரத்தடியில் இருந்தது. எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. பால் போல வந்த அந்த முதல் தண்ணீர் கண்ணுக்குள் ஓடியது. வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கப்பல்காரர் உள்ளே வந்தார், ஊருக்குப் போகுமுன் சொல்லிக்கொண்டு போக. நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

அவர் அந்தத் தண்ணீரைச் சுவைத்துவிட்டு, "எங்கே அரைச்சீங்க? எடை போட்டு வாங்கினீங்களா?" என்று கேட்டார். சயாமாவுக்குப் பழக்கமாகட்டும் என்று அவரும் பர்மியில்தான் பேசுவார். "மில்காரன் மாவைச் சலிச்சு எடுத்திருப்பான். உமிதான் உங்களுக்கு வந்திருக்கு."

அவர் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்கு இளநீர் எல்லாம் தருகிறார் என்றார் சயாமா.

"அதான் தர்றான்" என்றார் கப்பல்காரர்.

கதவுக்குப் பின்னால் எனக்குக் காது சுட்டது. தன் வீட்டு அரிசி இரண்டு படியை மெஷின் கழுவப் போட்ட மனுஷர். கடைசியில் சயாமா, அடுத்த சனிக்கிழமை நானே மில்லுக்குப் போய் நேரில் கேட்கிறேன் என்று சொல்வது கேட்டது.

அந்த வாரம் முழுவதும் மனசுக்குள் அதையே ஓட்டிப் பார்த்தேன். சயாமா போய் மாவு எங்கே என்று கேட்பார். பாய், உங்களுக்கு நீர்க்கடுப்பு தேவலையா என்று கேட்பார். அதற்கப்புறம் அந்தத் தெருவில் நான் எந்த முகத்தோடு நடப்பேன் என்றுதான் முதல் இரண்டு நாள் என்னைப் பற்றியே யோசித்தேன். புதன்கிழமைதான் உறைத்தது, போகப்போவது என் முகமில்லை, பாயின் பெயர் என்று. மாவு திருடினவர் என்று ஒரு வார்த்தை அந்த மில்லுக்குள் விழுந்தால் அதை எந்த அரிசி போட்டு ஓட்டிக் கழுவ முடியும். மகளிடம் சொன்னேன். அவள் நீர்க்கடுப்பு வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. சிரித்து முடித்து, "நீங்கதாம்மா சொல்லணும். நான் வந்து சொன்னா அது நீங்க சொன்னதாகாது" என்றாள்.

சனிக்கிழமை காலை சயாமா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் போய் நின்றுகொண்டேன். வழியை மறித்து நின்றதே தெரியாமல் நின்றிருந்தேன்.

"சயாமா, நான் கழுவினேன்."

"எதை?"

"தானியத்தை. மூணு தண்ணி. பாய் ஒண்ணும் எடுக்கல. மாவெல்லாம் பப்பாளிக்குப் போயிடுச்சு."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. ஒற்றைச் செருப்போடு படியில் உட்கார்ந்துகொண்டார். பிறகு, நீர்க்கடுப்பையும் சொன்னேன். பர்மியில் அதற்குச் சரியான வார்த்தை எனக்கு வராததால் கையால் வேறு காட்ட வேண்டியிருந்தது. இளநீரின் காரணம் அவருக்கு அப்போதுதான் விளங்கியது. சயாமா சிரித்ததை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். அன்று மாதிரி கேட்டதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார். "யபாடே, ஆன்ட்டி, யபாடே" என்று என் கையைத் தட்டினார். பரவாயில்லை, பரவாயில்லை என்று அர்த்தம். "நம்ம ரங்கூன்லயே சத்துள்ள பப்பாளி அதுதான்" என்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரல் மாறி, "கழுவினது தப்பில்ல. அவர்கிட்ட சொல்லாம அரைக்கக் கொடுத்ததுதான் தப்பு. அவருக்கு அது ஆகாதுல்ல? நான் போய் மன்னிப்புக் கேட்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம். தலையாட்டினது நான்" என்றேன்.

மில்லுக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை கூட்டமாக இருந்தது. தேவையில்லாமல் மிளகாய்த்தூள் வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டாம் தடவை கூட்டமே இல்லை. அதுவும் பயமாக இருந்தது, மல்லித்தூள் வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்றாம் தடவை பாயே, "அக்கா, வீட்ல விசேஷமா? இவ்வளவு தூள் போகுதே" என்று கேட்டுவிட்டார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம்தான் எனக்குத் துணை. சத்தத்தோடு சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவர் கை நீட்டி மெஷினை நிறுத்தினார்.

"என்ன சொன்னீங்க?"

அந்த அமைதியில் முழுவதையும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாடியைத் தடவினார். கடைசியில் கேட்டார்: "அப்போ டீச்சரம்மாவுக்கு நீர்க்கடுப்பு இல்லியா?"

"இல்லீங்க பாய்."

"எப்பவுமே இல்லியா?"

"இல்லீங்க."

"அது நல்லது. பிள்ள தனியா வந்து கெடக்குதேன்னு வீட்ல துஆ செய்யச் சொல்லியிருந்தேன்." "தெரியாம அரைச்சது அல்லாவுக்குத் தெரியும், அக்கா. இனித் தெரிஞ்சு அரைக்க முடியாது. மனசுல வச்சுக்காதீங்க."

"நீங்க மன்னிக்கணும் பாய்."

"நீங்க வந்து சொன்னீங்கல்ல. யார் வந்து சொல்லப்போறா." மெஷின் பக்கம் திரும்பினவர், நான் படியிறங்கும்போது மறுபடி கூப்பிட்டார். "அக்கா. இது மில்லுக்காரன் சொல்றது, வேற எதுவும் இல்ல. தோலோட இருக்கிற தானியத்த ஒண்ணுரெண்டா உடைக்கணும்னா மெஷின் ஆகாது. மெஷின் மாவாக்கிடும். திருகைதான் வேணும். உங்க வீட்ல இல்ல?"

இருந்தது. என் மாமியார் உளுந்து உடைத்த திருகை, அரிசி டின்னுக்குப் பின்னால் எத்தனையோ வருஷமாக முட்டுக்கொடுத்துக் கிடந்தது. கல் தேய்ந்து வழவழப்பாகியிருக்கும் என்றேன்.

"உளுந்துக்கு ஆகிற மாதிரி நான் கொத்தித் தர்றேன். உளுந்து உடைப்பீங்கல்ல?"

"உளுந்தும் உடைப்பேன் பாய்."

"அது போதும்" என்றார்.

திருகையைச் சைக்கா என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொத்தி வாங்கிவந்தோம். முதலில் உளுந்துதான் உடைத்தேன். அந்த வடையைப் பாய் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அதற்கப்புறம் பார்லி. கைப்பிடியைச் சுற்றச் சுற்றத் தோல் முழுசாகக் கழன்று, உள்ளே இருக்கிற பருப்பு இரண்டாக மூன்றாக விழுந்தது. சயாமா ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் இருக்கிற படத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றாக இருந்தது. மெஷினில் அரைத்தபோது தோலும் தூளாகிவிட்டதால் துணி அடைத்துக்கொண்டு வடிகட்டவே பாதி நாள் ஆனது. இப்போது அந்தத் தோலே சல்லடையாகி, அதன் வழியாகத் தெளிந்து இறங்கியது. ஒரு மணிநேரம் கம்பளிக்குள் இருந்த அண்டாவைத் திறந்தபோது வந்த மணத்தை என்னவென்று சொல்ல. பாயசத்துக்குக் கோதுமை வேகும்போது நெய் விடுவதற்கு முந்தின மணம். முதல் சாற்றை இறக்கிவிட்டு, தானியம் அண்டாவிலேயே இருக்க, சயாமா சுடுதண்ணீர்ச் சொம்பை என் கையில் கொடுத்தார்.

"கழுவணும்னு ஆசையா இருந்தா இப்போ கழுவுங்க ஆன்ட்டி. ஆனா அந்தத் தண்ணிய ஊத்திடாதீங்க."

அதுதான் முறையாம். ஊறின தானியத்தைச் சுடுநீர் விட்டுக் கழுவி, அந்தக் கழுநீரையும் சேர்த்துக்கொள்வது. நான் நினைத்த காரியம்தான், நேரம்தான் தப்பு. மெதுவாக, வட்டமாக ஊற்றினேன். மிதவை தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. அன்றைக்கு அந்த இனிப்புச் சாற்றை ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர் என் பங்கு. பச்சை உருண்டைகளைப் போட்டுப் பீராக்கி அவ்வளவு நல்ல சாமானை ஏன் கெடுக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தக் குளிர்காலத்தில் சயாமா தன் ஊர்க்காரர்களும் பர்மியக் கூட்டாளிகளுமாகப் பத்துப் பேரை அழைத்திருந்தார். கப்பல்காரரும் லீவில் வந்திருந்தார். நான் பக்கோடாவை வைத்துவிட்டு வழக்கமான இடத்துக்குப் போய்விட்டேன். எல்லோரும் ஒரு வாய் குடித்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். டப்பாப் பாகில் காய்ச்சியதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் என்றார்கள். அவர்களில் இரண்டு பேர் தாங்களும் டப்பாவில் காய்ச்சுகிறவர்கள். தானியம் வரவழைக்கலாம், உடைப்பது எங்கே என்று ஒருவர் கேட்டார். சயாமா ஐஸ் எடுக்கக் கொல்லைப்புறம் போயிருந்தார். கப்பல்காரர் முந்திக்கொண்டு, "தெருமுனையிலேயே மில் இருக்கு. ஆனா பக்கத்துலயே நின்னு பார்த்து வாங்கணும், மாவ எடுத்துடுவான்" என்றார். நாளைக் காலையிலேயே ஒரு மூட்டையோடு போகிறேன் என்றார் கேட்டவர்.

சயாமா வரட்டும் என்று நான் காத்திருக்கலாம். அவர் வந்து எல்லாவற்றையும் அழகாகச் சொல்லியிருப்பார். கால் ஏன் போனது என்று தெரியவில்லை. கதவை விட்டு வெளியே வந்து, அவ்வளவு பேர் நடுவில், கையில் காலித் தட்டோடு நின்றேன்.

"அங்கே கொண்டு போகாதீங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது; எனக்குக் குரலைச் சரியாக வைக்கத் தெரியாது. "அவர் தொழுகிற மனுஷர், இதுக்கு அரைக்க மாட்டார். அவர்கிட்ட சொல்லாம ஒரு தடவை கொடுத்தது என் தப்பு. மாவை அவர் எடுக்கல. நான்தான் கழுவி ஊத்தினேன். அவரைப் பத்தி அப்படிச் சொல்லாதீங்க." அப்புறம் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால், ஏதாவது சொல்லி முடிக்க வேண்டுமே என்று, "உடைக்கணும்னா என்கிட்ட கொடுங்க" என்றும் சொல்லிவிட்டேன்.

கப்பல்காரர் முகம் சிவந்துவிட்டது. கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார். பிறகு சங்கடத்தை மறைக்க, "ஆன்ட்டிக்குப் பேச வருமா?" என்று மற்றவர்களைக் கேட்டார்.

"வரும்" என்றார் சயாமா. ஐஸ் கிண்ணத்தோடு வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ.

வாய் தவறிச் சொன்னது வாழ்க்கையாகிவிட்டது. அடுத்த மாதமே ஒரு மூட்டை வந்தது. பிறகு தன்லியின் பாலத்துக்கு அந்தப்பக்கம் ஃபேக்டரியில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து இன்னொன்று. வருகிறவர்கள் எல்லோரிடமும் முதலில் நான் சொல்வது, கழுவக் கூடாது என்பதுதான். அவர்கள் யாருக்கும் கழுவுகிற எண்ணமே வந்திருக்காது. ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள். மகள் லீவு நாட்களில் எதிரில் உட்கார்ந்து கைப்பிடியில் ஒரு கை கொடுப்பாள். "ஊமையா இருந்த அம்மாவை எங்கடி கொண்டுபோய் விட்டே" என்று அக்கம்பக்கத்தார் அவளைக் கேட்கிறார்கள்.

சயாமா ஊருக்குப் போய்விட்டார். அங்கே வேண்டிய தானியம் உடைத்தே கிடைக்கிறதாம். அதில் என்ன சுவாரசியம் இருக்கிறது என்று மகளின் கம்ப்யூட்டருக்கு எழுதுகிறார். இங்கே எனக்கு மணிக்கட்டு வலி வந்துவிட்டது. முன்பு மூன்று வீசை ஒரே உட்காரலில் உடைப்பேன், இப்போது இரண்டு நாளாகிறது. திண்டாடிக்கொண்டாவது உடைக்கிறேன். கல் மழுங்கினால் பாய்தான் கொத்தித் தருகிறார். மில்லைப் பூட்டிக்கொண்டு தொழுகைக்குப் போகிற வழி என் ஜன்னலை ஒட்டித்தான். கல் ஓடுகிற சத்தம் கேட்டால் நிற்பார். என்ன உடைக்கிறீர்கள் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. ஜன்னலைப் பார்க்காமல், தெருவைப் பார்த்தபடியே கேட்பார்.

"நல்லா உடையுதா அக்கா?"

"நல்லா உடையுதுங்க பாய்."

"சரி" என்று சொல்லிவிட்டு நடப்பார்.